ஈய மிருகக் காசு: பார்த்தால் போதாது, நிறுக்க வேண்டும்

காசு என்றால் வட்டமாக, தட்டையாக, ஒரு பக்கம் படமும் மறுபக்கம் எழுத்துமாக இருக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன எண்ணம். ஆனால் நண்பர்களே, நாம் படிக்கிற இந்தப் பேராக் மாநிலத்திலும், பக்கத்துச் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் முதலை, ஆமை, யானை என்று வார்க்கப்பட்ட ஈயக் கட்டிகள் பணமாகப் புழங்கின என்று நாணயவியல் நூல்கள் சொல்கின்றன. மீன் உண்டு, சில்வண்டு உண்டு, கும்பிடுபூச்சிகூட உண்டு. 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை என்று பொதுவாகக் காலம் கொடுப்பார்கள்.

சேகரிப்பவர்கள் இவற்றை எப்படிப் பிரித்து வைக்கிறார்கள்? முதலையெல்லாம் ஒரு தட்டு, ஆமையெல்லாம் ஒரு தட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மிருகத்தைப் பார்த்துப் பிரிப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்பது என் கட்சி. முதலில் உலோகம், அடுத்தது எடை, அப்புறம் வார்ப்பு. இவை எல்லாவற்றுக்கும் மேலே அது கிடைத்த இடம். நான் மெக்கானிக்கல் இரண்டாம் செமஸ்டர். சரித்திரம் படிக்கிறவள் இல்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒர்க்ஷாப் பக்கத்து ஆளுக்கும் பேச உரிமை உண்டு. இவை முதலில் வார்ப்புகள், அப்புறம்தானே காசு!

தொடங்குமுன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. மலாய்க்காரர்களும் இப்படித்தான், வெள்ளீயத்தை தீமா என்றும் காரீயத்தைக் கறுப்புத் தீமா என்றும் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நான் ஈயம் என்பது வெள்ளீயத்தை. நம் பாட்டிமார் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இதே உலோகம். ரசம் சுண்டி, சொம்பு காய்ந்து, அடுப்பிலேயே உருகி ஓடிய கதை உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் உள்ளே இருக்கும் வரை சொம்பு 100 டிகிரியைத் தாண்டாது, பிழைக்கும். தண்ணீர் வற்றினால் முடிந்தது. இதே குணம்தான் அதை மிருகமாக வார்க்கவும் வசதி செய்து கொடுத்தது. இரும்புக்கு வேண்டிய உலையெல்லாம் வேண்டாம். கரி அடுப்பு போதும். அச்சைக் களிமண்ணிலும் செய்யலாம், கல்லிலும் செய்யலாம், மரத்தில்கூடச் செய்யலாம்.

ஈயம் இங்கே பணமாக இருந்ததில் சந்தேகம் இல்லை. செங் ஹோவின் கப்பல் படையோடு 1413-இல் முதல்முறை பயணம் வந்த மா ஹுவான் என்ற சீனர், மலாக்காவில் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஈயத்தைச் சிறு கட்டிகளாக வார்ப்பார்கள். ஒரு கட்டி ஒன்றரைக் காத்தி, அல்லது ஒன்றேகால். பத்துக் கட்டியைப் பிரம்பால் கட்டினால் சின்னக் கட்டு, நாற்பது என்றால் பெரிய கட்டு. எல்லா வியாபாரமும் இந்தக் கட்டிகளால் நடந்தது என்கிறார். ஒன்றரைக் காத்தி என்றால் நம் கணக்கில் சுமார் 900 கிராம். சட்டைப்பையில் போடுகிற காசு இல்லை, சுமக்கிற காசு! 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர்களும் வந்த கையோடு ஈயத்தில்தான் நாணயம் அடித்தார்கள். மலாக்காவின் சில்லறை ஈயக்காசை அவர்கள் காய்ஷா என்று எழுதினார்கள். அது நம்முடைய 'காசு' என்ற சொல்தான், ஊர் சுற்றி உருமாறிப் போயிருக்கிறது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் பித்திஸ் என்னும் ஓட்டைக் காசுகளை ஒரு மரத்தின் கிளைகளில் காய்த்த மாதிரி மொத்தமாக வார்த்து, ஒவ்வொன்றாக ஒடித்து எடுத்தார்கள். ஃபவுண்டரி வகுப்பில் ரன்னரிலிருந்து பாகங்களை ஒடித்து எடுக்கிறோமே, அதே வேலை. பகாங்கில் தொப்பி மாதிரி தம்பாங். அது 1893-இல் செல்லாக்காசாக்கப்பட்டது. செல்லாது என்று ஒரு அரசாங்கம் அறிவிக்கிறது என்றால் அதுவரை செல்லுபடியானது என்றுதானே அர்த்தம். தம்பாங்குக்கு இப்படி ஒரு சாட்சி இருக்கிறது.

மிருகங்களின் கதை இவ்வளவு நேராக இல்லை. பலரும் சொல்லும் விளக்கம் இது: பழைய மலாய் ஈயச் சுரங்கங்களில் பாவாங் என்று ஒருவர் இருப்பார். மந்திரம் தெரிந்தவர், பூசை செய்பவர், எங்கே தோண்டலாம் என்று சொல்பவர். அவர் பூசைக்கு ஈயத்தில் சிறு மிருகங்கள் வார்த்துப் படைத்தார். பின்னாளில் அதே உருவங்கள் கைமாறி, பண்டமாற்றுக்கு வந்து, காசாகிவிட்டன. ஈயத்துக்கு உயிர் உண்டு, அது வளரும், எருமை உருவம் எடுத்து மண்ணுக்குள் இடம் விட்டு இடம் நகரும் என்று அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் நம்பியதை 1900-இல் வெளிவந்த தம் நூலில் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்திருக்கிறார். கிந்தா சுரங்கங்களைப் பற்றி 1885-இல் எழுதிய ஏப்ரஹாம் ஹேலும் பல விலக்குகளைச் சொல்கிறார். பஞ்சு எந்த ரூபத்திலும், தலையணைக்குள் இருந்தால்கூட, சுரங்கத்துக்கு வரக்கூடாது. யானை, பூனை, எருமை இவற்றின் பேரைச் சொல்லக்கூடாது, வேறு பேர் வைத்துத்தான் குறிப்பிட வேண்டும். பேரைச் சொல்லவே பயந்த யானையை ஈயத்தில் வார்த்திருக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்கு இந்தப் பொருட்கள்மேல் மரியாதை கூடுகிறது. (நம் பக்கத்து ஊர் பத்து காஜாவுக்கே கல்யானை என்றுதான் பொருள்.)

ஆக, கையில் இருக்கும் ஒரு ஈய ஆமை பூசைப் பொருளா, எடைக்கல்லா, காசா, அல்லது நேற்று யாரோ சுற்றுலாப் பயணிக்காக வார்த்ததா? உருவம் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. இங்கேதான் தராசு வேண்டும்.

அடர்த்தி பார்ப்பது எளிது, ஸ்கூலிலேயே படித்ததுதான். சுத்த வெள்ளீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.29 கிராம். காரீயம் 11.34. முதலில் பொருளைக் காற்றில் நிறுக்கவும். பிறகு தராசின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும். பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல், முழுவதும் தண்ணீருக்குள் முங்கும்படி தொங்கவிடவும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருள் விலக்கிய தண்ணீர், அதாவது பொருளின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. வயிற்றுப்பக்கம் குழிவான மிருகமாக இருந்தால் அதைச் சாய்த்து இறக்குங்கள். உள்ளே காற்றுக்குமிழி மாட்டினால் கணக்கு கெட்டுவிடும்.

பத்துக்கு ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் அடர்த்தி 7.56 வரும். பற்றவைக்கும் சோல்டர் மாதிரி 60-க்கு 40 என்றால் 8.5. எண் 8.5-ஐ ஒட்டி வந்தால் யாரோ சோல்டரை உருக்கி ஊற்றியிருக்கிறார்களோ என்று கேட்க வேண்டும். கேள்விதான், தீர்ப்பு இல்லை. பழைய காலத்திலும் காரீயத்தைக் கலந்திருக்க முடியும்.

சரி, எண் 7.29-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால்? இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். அப்போதும் பழையது என்று ஆகாது. பேராக்கில் சுத்த ஈயத்துக்கா பஞ்சம்? நேற்று வார்த்தாலும் அதே 7.29 தான். பரிசுக்கோப்பை செய்யும் பியூட்டர்கூட பெரும்பாலும் ஈயம்தான், அதுவும் இந்த எண்ணுக்கு அருகிலேயே வந்து நிற்கும். துத்தநாகம் 7.14; தராசு கொஞ்சம் ஆடினால் அதுவும் ஈயம் என்று தப்பித்துப் போகும். ஆகவே அடர்த்தி சோதனை வாசலில் நிற்கும் ஜாகா மாதிரி. சிலரைத் திருப்பி அனுப்பும். உள்ளே விட்டவர்கள் எல்லாம் யோக்கியர் என்று சான்றிதழ் கொடுக்காது. பொருளைச் சேதப்படுத்தாமல் உள்ளே என்னென்ன உலோகம் என்று சொல்லும் எக்ஸ்ரே கருவிகள் இருக்கின்றன. அது அருங்காட்சியகங்களும் பெரிய லேப்களும் செய்கிற வேலை. ஈயத்தை வளைத்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும், அதை ஈயத்தின் அழுகை என்பார்கள். தயவுசெய்து பழைய பொருளில் அதைப் பரீட்சை செய்யாதீர்கள்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே ஒரு ஆமை இருக்கிறது. தாத்தா ஈயக் கப்பலில் வேலை செய்தவர். (மண்ணை வாரிச் சலித்து ஈயம் எடுக்கும் அந்த மிதக்கும் இயந்திரத்துக்கு மலாயில் காப்பால் கோரேக் என்று பெயர். காப்பால் என்பது நம் கப்பலேதான்.) சல்லடையில் தங்கிய கல்லை ஒதுக்கும்போது ஆமை கிடைத்ததாம். தாத்தா இப்போது இல்லை. பாட்டியிடம் கேட்டால், "தஞ்சோங் துவாலாங் பக்கம்னு சொன்னாரு. எந்தக் கப்பலு, எந்த வருசம்னு கேட்டா நான் எங்கம்மா போவேன்? மூத்தவன் வயித்துல இருந்தப்ப" என்கிறார். மூத்தவர் என் பெரியப்பா. அவர் பிறந்தது 1976. அவ்வளவுதான் எங்கள் ஆவணம். அதையும் எழுதி வைத்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து, ஆமைக்கு 800 வெள்ளி தருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா லோரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் எஸ்.பி.எம். தாண்டி வந்த முதல் ஆள் நான். ஹாஸ்டல் பணம், பஸ் காசு, தவணையில் வாங்கிய லேப்டாப் எல்லாம் அவர் தலையில். 800 வெள்ளி எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அப்பா ஒன்றும் வற்புறுத்தவில்லை. "நீதான படிக்கிற, அது என்னான்னு பாத்துச் சொல்லு" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த அசைன்மெண்டுகளிலேயே கஷ்டமானது அதுதான்.

லேபில் அனுமதி வாங்கி நிறுத்தேன். காற்றில் 287 கிராம். விலக்கிய தண்ணீர் 39.5 கிராம். வகுத்தால் 7.27. தண்ணீர்க் கணக்கில் ஒரே ஒரு கிராம் தவறினால்கூட விடை 7.09-க்கும் 7.45-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும் என்பதால் மூன்று தடவை செய்தேன், மூன்றும் ஒன்றாகவே வந்தது. காரீயம் குறிப்பிடும்படி இல்லை. வாசலைத் தாண்டிவிட்டது.

அடுத்தது எடை. பழைய மலாய் நிறைகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 16 தாஹில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல், 3 பிக்குல் ஒரு பாரா. பாரா என்பது நம் பாரத்தின் உறவுதான், இரண்டுக்கும் மூலம் சமஸ்கிருதம். பிற்காலத்தில் நிலைப்படுத்திய கணக்கில் ஒரு காத்தி 604.8 கிராம், ஒரு தாஹில் 37.8 கிராம். காசு என்று வார்த்தவர்கள் ஏதோ ஒரு நிறையை மனதில் வைத்துத்தான் வார்த்திருப்பார்கள். ஆகவே எடையைத் தாஹிலால் வகுத்துப் பார்ப்பது நியாயம். எங்கள் ஆமையை வகுத்தால் 7.6 தாஹில். அரைக் காத்திக்கு 8 தாஹில், 302.4 கிராம் வேண்டும். 15 கிராம் குறைகிறது. சேகரிப்பாளர் சிலர் இந்த இடத்தில் 'தேய்மானம்' என்று சொல்லி அரைக் காத்தித் தட்டில் வைத்துவிடுவார்கள். நான் வைக்க மாட்டேன். காத்தியே ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் கொஞ்சம் மாறியது. அப்படியிருக்க ஒரே ஒரு பொருளின் எடை ஒரு நிறையோடு பொருந்தினாலும் அது தற்செயலாக இருக்கலாம், பொருந்தாவிட்டாலும் காசு இல்லை என்று ஆகாது. ஒரே இடத்தில் கிடைத்த பத்து ஆமைகள் 290-ஐச் சுற்றி நின்றால் அப்போது பேசலாம். ஆகையால் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி வைப்பதுதான் வேலை. பொருந்துகிறதா என்பது அப்புறம் வருகிறவர்களின் கவலை.

வார்ப்புக்கு வருவோம். இதில் நாம் சரித்திரக்காரர்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். பொருளைத் திருப்பி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் பாருங்கள். இரண்டு அச்சு சேர்ந்த கோடு விளிம்பில் ஓடுகிறதா? ஓடினால் மூடிய அச்சு. அடிப்பக்கம் தட்டையாக, நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறதா? அது திறந்த அச்சில் ஊற்றி, மேல்பரப்பு இறுகும்போது சுருங்கிய குழி. உலோகம் உள்ளே போன வாய் எங்கே, அதை ஒடித்தார்களா, அரத்தால் ராவினார்களா? ஒரே மாதிரி இரண்டு முதலைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை, அல்லது ஒன்றை வைத்து அச்செடுத்து மற்றதை ஊற்றியிருக்கிறார்கள். அப்படி அச்செடுத்த நகல் சுருக்கத்தால் மூலத்தைவிட மயிரளவு சின்னதாக இருக்கும். வெர்னியர் எதற்கு இருக்கிறது? எங்கள் ஆமைக்கு அடி தட்டை, நடுவில் குழி, பக்கத்தில் கோடு இல்லை. திறந்த அச்சு. ஓட்டின் கட்டங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை, கையால் கீறிய அச்சு என்று தோன்றுகிறது.

உருவத்தை இப்போது எழுதலாம். எந்த மிருகம், பீடம் உண்டா, பீடத்துக்குப் படி எத்தனை, உடல் கெட்டியா குழிவா. வளையங்களின்மேல் நிற்கும் சேவல்களைக் கெடாவோடு சேர்த்துச் சொல்வார்கள். முதலையும் ஆமையும் யானையும் பெரும்பாலும் பேராக், சிலாங்கூர் பக்கம். வில்லியம் ஷாவும் முகமது காசிமும் 1970-இல் தொப்பிக் காசையும் மிருகக் காசையும் பற்றிச் சிறு நூல் எழுதினார்கள். 1986-இல் சரண் சிங்கின் பெரிய நாணயக் களஞ்சியம் வந்தது. உருவங்களை ஒப்பிட இவை போதும்.

மிச்சம் இருப்பது கிடைத்த இடம். தராசு, வெர்னியர், எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடு ஆகாது. ஈய லம்பங்களில் மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்தபோது என்னென்னவோ வெளியே வந்திருக்கிறது. 1936-இல் பீடோரில் எட்டுக் கை அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலையே ஒரு ஈயச் சுரங்கத்தில்தான் கிடைத்தது. அது பெரிய சிலை, எல்லார் கண்ணிலும் பட்டது, இடம் பதிவானது. உள்ளங்கை அளவு முதலையை யார் பதிவு செய்தார்கள்? எடுத்தவர் கூலியாள். கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டிருப்பார், அல்லது ஈயத்தோடு ஈயமாக எடைக்குப் போட்டிருப்பார். மறுபடி உருகிய முதலைகள் எத்தனையோ! 1985 அக்டோபர் 24-இல் உலக ஈயச் சந்தை விழுந்து, கிந்தாவில் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. அதன்பின் அந்தத் தொழிலாளர்கள் தோட்டத்துக்கும் டவுனுக்கும் பிரிந்து போனார்கள். எந்த லம்பத்தில், எத்தனை அடி ஆழத்தில் என்று சொல்லக்கூடியவர்கள் நம் தாத்தா பாட்டி வயதுக்காரர்கள். அவர்கள் வாயில் இருப்பதுதான் அந்தப் பொருளின் பாதி. புத்தகம் எழுதியவர்கள் யாரும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான். அவர்கள் பேசுகிற பாஷை நமக்குத் தெரியும். கேட்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழமையான மதிப்புள்ளது என்று நினைக்கக் காரணமுள்ள ஒரு பொருளைக் கண்டெடுத்தால் உடனே மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். "நான்தான் கண்டேன், எனக்குத்தான்" என்று வைத்துக்கொள்ள முடியாது.

அப்பாவுக்கு நான் கொடுத்த ரிப்போர்ட் ஒரு பக்கம். ஈயம், திறந்த அச்சு, 287 கிராம், தஞ்சோங் துவாலாங் பக்கம், 1976 வாக்கில். பழைய காசு என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. விற்கிறதா வேண்டாமா என்பதற்கு முன் தைப்பிங்கில் இருக்கும் பேராக் அருங்காட்சியகத்தில் காட்டிப் பதிவு செய்யலாம், அது 1883-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது என்று எழுதினேன். அப்பா இரண்டு தடவை படித்தார். "அவன் 800 கொடுக்கிறேன்னா அதுக்கு மேல போகுமுன்னு அர்த்தம்" என்றார். பாட்டி, "போறதா இருந்தா நானும் தைப்பிங் வரேன், லேக் கார்டன் பாத்து எத்தனை வருசமாச்சு" என்றார். அடுத்த பள்ளி விடுமுறைக்குப் போவதாக ஏற்பாடு. ஆமை இப்போது பாட்டியின் அலமாரியில், சேலைக்கு நடுவே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், நம் வீட்டுப் பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது. தீபாவளிக்குக் குத்துவிளக்கைத் துலக்கும்போது இதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறத்தோல் அழுக்கு இல்லை, அது மண்ணுக்குள் இருந்த காலத்தின் கையெழுத்து. பற்பசையும் வேண்டாம், மணல்தாளும் வேண்டாம். மெல்லிய துணியில் சுற்றி, கிடைத்த இடத்தை ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்தால் போதும். குளிர்நாடுகளில் 13 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளீயம் மெல்ல மெல்லச் சாம்பல் தூளாக உதிரும் ஆபத்து உண்டு. நம் வெயிலில் அந்தப் பயம் இல்லை.

உங்கள் வீட்டில், கம்பத்தில், தெரிந்தவர்களிடத்தில் இப்படி ஏதாவது இருந்தால், பொருளைக் கொண்டுவர வேண்டியதில்லை. எடை, நீளம், அடிப்பக்கத்தின் ஒரு படம், எடுத்தவர் சொன்ன கதை, இவ்வளவையும் எழுதிச் சங்க அறையில் உள்ள நீலக் கோப்பில் போடுங்கள். அதில் இதுவரை ஆறு தாள் சேர்ந்திருக்கிறது: ஆமை மூன்று, முதலை இரண்டு, என்ன மிருகம் என்று தெரியாதது ஒன்று. அந்த ஆறாவதை எழுதியவர் பெயர் போடவில்லை. எடை 94 கிராம், காலில் உடைந்திருக்கிறது என்று மட்டும் இருக்கிறது. இதைப் படித்தால் வந்து பாருங்கள், தண்ணீரில் முக்கிப் பார்க்கலாம். நூல் நான் கொண்டுவருகிறேன்.